அசாந்தி ராஜாவின் செருப்பு

கானா நாட்டில் வாத்தியார் வேலை பார்த்த மாமா, கழக ஆட்சி வந்த புதிதில் ஒரு தை அறுவடைக்குச் சற்று முன்னால், ஒரத்தநாட்டுப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தார். எனக்கு ஒன்பது வயது. மிட்டாய் கொண்டுவருவார் என்று காத்திருந்தேன்; கதைதான் கொண்டுவந்தார். வீடு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கலகலப்பாக இருந்ததில்லை.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் அங்கே அசாந்தி என்றொரு ராஜ்யம் இருந்ததாம். தனித்தனியே கிடந்த சிற்றரசுகளை ஒரு ராஜா ஒன்று சேர்த்தபோது, வானத்திலிருந்து பொன் ஆசனம் ஒன்று இறங்கி அவர் மடியில் அமர்ந்ததாம். அந்த ஜனங்களின் உயிரே அதில்தான் இருக்கிறது, ராஜாகூட அதில் உட்காரக் கூடாது என்றார் மாமா. உட்கார முடியாத ஆசனம் எதற்கு, தூசி தட்டவா என்று அப்பா கேட்டார்.

எனக்குப் பிடித்தது ஆசனம் அல்ல, செருப்பு. ராஜாவின் வெறுங்கால் மண்ணில் பட்டால் நாட்டுக்குப் பஞ்சம் வருமாம். பதவி ஏற்கும்போது அவர் ஜனங்களுக்குச் சத்தியம் செய்வாராம். அதை மீறினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"பெரியவங்க கூடி செருப்பைக் கழட்டிடுவாங்க. அதோட அவர் ராஜா இல்ல," என்றார் மாமா.

நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அறுப்புக்கு அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கூலி தருவதாக நடவின்போது அப்பா ஆட்களிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டிருந்தேன். இப்போது, ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று பழமொழி பேசி, அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தார். ஆட்கள் வயலில் இறங்க மறுத்து வரப்பில் செங்கொடி நட்டுவிட்டார்கள். முற்றிய கதிர் உதிரத் தொடங்கியது. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. களத்தில் பேசி முடிப்பதென்று ஏற்பாடான காலையில், அப்பாவின் தோல் செருப்பை எடுத்துக் காலியாகக் கிடந்த நெற்குதிருக்குள் போட்டுவிட்டேன்.

அப்பா வீடெல்லாம் தேடினார், நாயைத் திட்டினார், நேரமாகிவிட்டதென்று வெறுங்காலோடு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். பாதி வழியில் அவர் காலில் கருவேல முள் ஏறியது. களத்துக்கு நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அறுப்பாட்களுக்காகப் பேச வந்திருந்த பெரியவர் குந்தி உட்கார்ந்து, அப்பாவின் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்து முள்ளைப் பிடுங்கினார்.

"நடவுல சொன்னதைத்தான் கேக்குறோம் ஐயா," என்றார், பாதத்தை விடாமலே.

அப்பா வயலைப் பார்த்தார். "சரி. நாளைக்கு எல்லாரையும் அருவாளோட வரச் சொல்லு," என்றார்.

அசாந்தி நியாயம் எங்கள் ஊரிலும் பலித்துவிட்டதென்று துள்ளிக்கொண்டு வீடு திரும்பினேன். அப்பாவை இறங்கிவரச் செய்தது உதிர்ந்த நெல்தான் என்பது வெகுகாலம் கழித்தே புரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. இன்று என்னை உறுத்துவது வேறு. முள்ளெடுத்த பெரியவரோடு சேர்த்து அன்று களத்தில் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். எங்கள் தெருவில் அவர்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது; அவர்கள் காலில் செருப்பை நான் பார்த்ததே இல்லை. அந்தக் களத்தில் வெறுங்காலோடு நிற்பவர் அப்பா ஒருவர்தான் என்று நினைத்து, அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.