மணல் மலையில் நான் பார்த்திருந்த வள்ளம்

எண்பத்தாறாம் ஆண்டு ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பசுமாடு பார்க்கவென்று நெடுந்தீவுக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. அவரும் வள்ளக்காரரும் பின்னேரம் அங்கிருந்து வெளிக்கிட்டதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இங்கே மண்கும்பானில் கரையேறியதைக் கண்டவர்கள் இல்லை. சோழகக் காற்றுக் கடுமையாக அடித்த நாள். காற்றுக்கு மட்டுமல்ல, கடலில் வேறு பலதுக்கும் பயப்பட வேண்டிய சண்டைக் காலம். அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடியார்களே, பிள்ளையார் எனக்குச் செய்ததை எழுதித் தரும்படி கோயில் ஐயர் கேட்டு ஒரு வருஷமாகிறது. எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் மலை கிடையாது. தீவு முழுக்கத் தட்டை. ஏற இருப்பதெல்லாம் கடற்கரையோடு கிடக்கும் மணல் கும்பிகள்தான். அதில் உயரமானதை மணல் மலை என்று சொன்னவர் என் கணவர். அவர் பதினாறு வயதிலிருந்து பதுளையில் கடையில் நின்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள மலைகளில் ஏறித் திரிந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த உடுப்போடு வீடு வந்தார். வந்த மறுநாளே போய் மணலில் ஏறினார்.

"இஞ்சாருங்கோ, வேலை வெட்டி இல்லாமல் ஏன் அதிலை ஏறுறியள்? சனம் சிரிக்குது" என்றேன்.

"கொஞ்சம் உயரத்திலை நிண்டாத்தான் எனக்கு மூச்சு வருது. நீரும் ஒருக்கால் வந்து பாரும்" என்றார்.

போனேன். முதல் நாள் பாதியில் இருந்துவிட்டேன். ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கும். அடம்பன்கொடி படர்ந்த பக்கத்தில் மணல் இறுகியிருக்கும், அதில் பாதத்தைக் குறுக்காக வைத்து ஏறவேண்டும் என்று அவர்தான் காட்டித் தந்தார். மேலே நின்றால் கடல் முழுக்கத் தெரியும். இவ்வளவு காலமும் வேலிக்குள்ளேயே இருந்துவிட்டேனே என்று தோன்றியது. அதற்குப் பிறகு ஞாயிறு தப்பாது. கலியாணம் முடித்த நாளில் இருந்து நாங்கள் ஆறுதலாக இருந்து கதைத்தது அந்த மணலில்தான்.

அவர் வராமல் போனபின், விடிந்ததும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக ஏறினேன். இந்தியாக் கரையில் ஒதுங்கியிருப்பார் என்று சிலர் சொன்னார்கள். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிள்ளையாரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "கடலுக்குப் போன மனுசனைக் கரை சேர் அப்பனே." அவருடைய பெயரைச் சொல்லவில்லை. புருஷன் பெயரைச் சொல்லாமல் வளர்ந்தவள் நான். அர்ச்சனைக்கும் மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும்தான் கொடுத்தேன். மனதுக்குள்கூட அந்தப் பெயர் வரவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் காலை, ஒரு வள்ளம் தெரிந்தது. பாய் இல்லை. எஞ்சின் சத்தமும் இல்லை. காற்று இழுத்த பக்கம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஒருவர் எழும்பி நின்று துணியை ஆட்டினார். பிறகு விழுந்துவிட்டார்.

அத்தனை நாள் கடலில் யாரும் உயிரோடு இருக்க ஏலாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவர்தான் என்று என் உடம்பெல்லாம் சொன்னது. கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரியும். கீழே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் தங்கள் வள்ளத்தைக் கடலில் தள்ளினார்கள். நான் சறுக்கி விழுந்து எழும்பி, பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டு, ஒரு செம்பு தண்ணீரோடு கரைக்கு ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றேன்.

கட்டி இழுத்து வந்தார்கள். உள்ளே இரண்டு பேர், அண்ணன் தம்பி. எஞ்சின் பழுதாகி மூன்று நாளாகக் கடலில் கிடந்தவர்கள். என் கணவர் இல்லை.

"அக்கா, தண்ணியைக் குடுங்கோ" என்றார் வலைக்காரர் ஒருவர்.

நான் கொடுக்கவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். செம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்த இரண்டு முகங்களையும் பார்த்தேன். நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று எனக்குப் பற்றி எரிந்தது. மூத்தவர் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். உதடு வெடித்திருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கை தானாக நீண்டது.

நாலாம் நாள் மூத்தவரின் மனைவி நெடுந்தீவிலிருந்து என்னைத் தேடி வந்தாள். வேலிப் படலைக்குள்ளேயே என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"மூண்டு நாளும் வேற ஒண்டும் கேக்கேல்லை அக்கா. கடலுக்குப் போன மனுசனைக் கரை சேர் எண்டு மட்டும்தான் அழுதனான்" என்றாள்.

என் வேண்டுதல். சொல்லுக்குச் சொல் அதே வேண்டுதல். அவளை அனுப்பிவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொல்லி ஐயரிடம் சண்டை பிடித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"பேர் சொல்லாமல் கேட்டது என்ரை பிழையோ ஐயா? அதாலைதான் ஆள் மாறிப் போச்சுதோ?"

ஐயர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "பிள்ளை, உம்மடை மனுசனைப் பிள்ளையாருக்குத் தெரியாமல் போகுமே? ஏன் இப்பிடி நடந்தது எண்டு எனக்கும் விளங்கேல்லை. அந்தப் பொம்பிளையின்ரை கண்ணீரும் அவருக்குத்தானே கேட்டிருக்கும். நீர் இண்டைக்குப் பேரைச் சொல்லும், நான் அர்ச்சனை செய்யிறன்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"தில்லைநாதன். பூரட்டாதி" என்றேன். கலியாணம் முடித்து ஏழு வருஷமாகியும் அவருடைய பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாயால் சொன்னேன். கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதேன்.

இதைப் பிள்ளையார் தந்த பதில் என்று சொல்ல எனக்கு இரண்டு வருஷம் எடுத்தது. என் வீட்டில் விளக்கு எரிகிறதென்று பொய் சொல்லமாட்டேன். மகள் அப்பா எங்கே என்று கேட்டால் இன்றைக்கும் கடலைத்தான் காட்டுகிறேன். ஆனால் நான் அந்த மணலில் ஏறாமல் விட்டிருந்தால் இரண்டு பேர் செத்திருப்பார்கள். என்னை முப்பத்தெட்டு நாளும் ஏற்றியவர் பிள்ளையார். செம்பைப் பிடித்த கையை நீட்ட வைத்தவரும் அவர்தான். அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்கிறேன். அழுதுகொண்டுதான் சொல்கிறேன்.

இன்னமும் காலையில் ஏறுகிறேன். சனம் இப்போது சிரிப்பதில்லை.

உங்கள் வீட்டில் கடலுக்குப் போனவர் வரப் பிந்தினால் வெட்கப்படாமல் பெயரைச் சொல்லிப் பிள்ளையாரிடம் கேளுங்கள். அவரை நம்புங்கள். பிறகு வந்து என் படலையைத் தட்டுங்கள். மணல் சுடுகிற மத்தியானமானாலும் உங்களோடு ஏறி வருவேன். தூரத்தில் ஒரு வள்ளம் தெரிந்தால், உள்ளே இருப்பது யாருடைய மனுசன் என்று பாராமல் கத்துவேன்.