முழங்கை ஆழத்தில் ஒரு டாஸ்

சென்ற மாதம் இந்தப் பத்தியில், பாலாறு கரைபுரண்டு ஓடிய காலத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். ஆம்பூர் வாசகர் ஒருவர் அஞ்சலட்டையில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: ‘எந்த ஆண்டு? நீங்கள் பார்த்தீர்களா?’

பார்க்கவில்லை. பிறர் சொல்லக் கேட்டதுதான். வாக்கியம் அழகாக வந்தது, எழுதிவிட்டேன். தமிழாசிரியனாக இருந்தவன் செய்யத்தக்க பிழையா இது?

ஆகவே இந்த வாரம் ஒரு கட்டுப்பாடு. என் கண்ணால் கண்டவை, என் கையால் ஒரு நோட்டில் குறித்தவை – இவை மட்டுமே. பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகவே தருவேன்.

காணும் பொங்கலன்று, பல ஆண்டுகளுக்குப் பிறகு, வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் போயிருந்தேன். பாலாற்று மணலில் ஆண்டுதோறும் நடக்கும் வாலிபால் ஆட்டத்தைப் பார்க்க. வலை கட்டியாயிற்று. இரு அணித் தலைவர்களும் நடுவில் வந்து நின்றார்கள். ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்துச் சுண்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காசா?

நியாயமாக எவருக்கும் தூக்கிவாரிப்போடக் கூடாதுதான். உலகெங்கும் காசைத்தான் சுண்டுகிறார்கள். ஆனால் இந்த ஆட்டத்தில் காசு கிடையாது. எழுபதுகளின் நடுவில் இதைத் தொடங்கிய நாளில் நானும் இருந்தேன். ஆம்பூர்ப் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த காலம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் ஓர் அணி. இருபத்தைந்துக்கு உட்பட்டவர்கள் எதிரணி. இடைப்பட்ட வயதினர்? மூங்கில் நட்டு வலை கட்டலாம், கைதட்டலாம். நான் இடைப்பட்டவன், கண்ணாடி போட்டவன். புள்ளி குறிக்கும் நோட்டு என் கைக்கு வந்தது.

முதல் ஆண்டு டாஸ் போட ஒருவரிடமும் காசில்லை. சட்டை, செருப்பு எல்லாம் கரையில். பெரியவர் அணித் தலைவர் பஷீர் பாய் ஒரு யோசனை சொன்னார். இரு தலைவர்களும் மணலில் கையால் தோண்டட்டும். எவருடைய குழியில் முதலில் நீர் ஊறுகிறதோ, அவர் பக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அந்தக் குழி நீரை இரு அணியினரும் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு ஆட வேண்டும். ஆட்டத்தின் இடையில் தாகத்துக்கும் அதுவே.

அவ்வாறே நடந்தது. நோட்டின் முதல் பக்கத்தில், விளையாட்டாக, நான் இப்படிக் குறித்திருக்கிறேன்: ‘நீர் – மணிக்கட்டு.’

அந்தக் காலைகளை எப்படிச் சொல்வேன்! தை மாதப் பனி மணலின்மேல் இடுப்பளவு நிற்கும். ஆடுவோருக்குக் கால்கள் இருப்பதே தெரியாது. பனிக்குள்ளிருந்து பந்து எழும். வெயிலில் ஒரு கணம் தங்கும். மறுபடி பனிக்குள் இறங்கும். ஊருக்குள்ளிருந்து தோல் ஊறவைக்கும் பட்டையின் துவர்ப்பு வாடை மெல்ல வரும். தொலைவில் பெங்களூர் ரயில் கடக்கும்போது, யாரென்றே தெரியாத கைகள் ஜன்னல்களில் அசையும். ஆறு இல்லாத ஆற்றில், காலே இல்லாத மனிதர்கள்… நான் புள்ளி குறிக்க மறந்த பக்கங்கள் அந்த நோட்டில் சில உண்டு.

ஆனால் ஆழம் – கை எதுவரை புதைந்ததும் நீர் ஊறியது என்பதை – குறிக்க மறந்ததில்லை. இரண்டாம் ஆண்டும் மணிக்கட்டு. அடுத்து, மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே. பிறகு முழங்கைக்குச் சற்றுக் கீழே. இளையவர் அணித் தலைவன் ஞானராஜ் – வேலூரில் ஒரு மருத்துவமனையில் சோதனைக்கூட உதவியாளன் – குப்புறப் படுத்துத் தோண்டியபடியே பஷீர் பாயைச் சீண்டுவான்.

“தண்ணி அங்கியேதான் கீது பாய். உங்க கைதான் வருசா வருசம் கம்மியாயினு போவுது.”

“பேசாம தோண்டுப்பா. வாயால தோண்டுனா உனுக்குத்தான் மொதல்ல வரும்.”

பஷீர் பாய் ஒரு தோல் தொழிற்சாலையில் மேஸ்திரி. வெற்றிக் கோப்பை கொடுப்பவர் அவருடைய முதலாளிதான். ஆட்டம் முடிந்த மாலை தேநீரோடு என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்ப்பது அந்த முதலாளியின் வழக்கம். இரு தலைவர்களும் கையெழுத்திட்ட பக்கமே செல்லும் என்பது தொடக்கத்திலேயே நாங்கள் வைத்துக்கொண்ட விதி.

எண்பதுகள் தொடங்கிய சமயம். அந்த ஆண்டு பஷீர் பாயின் குழியில் முதலில் நீர் வந்தது. முழங்கை ஆழம். இலேசான செம்மை. பாய் ஒரு கை அள்ளிக் குடித்தார். அடுத்து ஞானராஜ் வாயில் வைத்தான், மணலில் துப்பினான்.

“இன்னா பாய் இது, உப்பு கரிக்குது. நீங்க முழுங்கிட்டீங்களா?”

பாய் வலைப்பக்கம் நடந்துவிட்டார்.

குடிநீர் என்று தனியே எவரும் கொண்டுவந்திருக்கவில்லை. எதற்குக் கொண்டுவர வேண்டும் – ஆற்றுக்கு? முதல் செட் பெரியவர்களுக்கு. அதன் பிறகு வெயில் ஏறியது, நா வறண்டது. இரு அணியினரும் குழியைப் பார்ப்பார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். இளையவர்கள் அடுத்த இரண்டு செட்டையும் எடுத்தார்கள். வென்றவர்களிடமிருந்து ஆரவாரம் எழவில்லை.

கையெழுத்துக்கு முன் பஷீர் பாய் என்னைத் தனியே அழைத்தார். மூத்த மகனுக்கு அதே தொழிற்சாலையில் வேலை கேட்டிருந்தாராம். பொங்கல் கழித்துச் சொல்வதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தாராம்.

“நோட்ட அவரு பாப்பாரு சார். எழுதாதீங்கன்னு சொல்லல. தெரிஞ்சிக்கோங்க, அவ்ளோதான்.”

நீர் உப்பானதற்கு எது காரணம், யாருடைய கழிவு என்பதை நான் பின்தொடர்ந்து பார்த்தவனல்லன். ஆயினும், அந்த ஊரில் ‘உப்பு’ என்ற சொல்லை எழுதினால் எவர் முகம் மாறும் என்பது எனக்கு மட்டும் தெரியாதா? நெடுநேரம் யோசித்தேன். மொழியறிவு இத்தகைய நேரங்களில்தானே கைகொடுக்க வேண்டும்? எழுதினேன்: ‘நீர் – முழங்கை. சற்று உவர்ப்பு.’

உண்மையும் இருந்தது, ஒரு மனிதனின் மகனுக்கு இடமும் இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

ஞானராஜ் படித்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். கையெழுத்திட்டான். பஷீர் பாய் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். விரலை வரியின்மேல் நகர்த்திக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

“சற்றுன்னா கொஞ்சம்னுதானே சார்?”

“ஆமாம் பாய்.”

“நீங்க குடிக்கவே இல்லியே.”

அவர் குரலில் கோபமில்லை. என் பேனாவை வாங்கினார். அந்த ஒரு சொல்லின்மேல் நேராக ஒரு கோடு கிழித்தார். அருகில் உருதுவில் கையெழுத்திட்டார். நோட்டை என்னிடம் நீட்டிவிட்டு, கரையில் கழற்றி வைத்த சட்டையைத் தேடிப் போனார்.

எல்லாரும் போன பிறகு குழியருகே மண்டியிட்டு நானும் ஒரு கை அள்ளினேன். இரண்டாவது கை அள்ளவில்லை.

அடுத்த ஆண்டு முதல் அவரவர் வீட்டிலிருந்து கூஜாவில் குடிநீர் வந்தது. ஆனாலும் குழி தோண்டுவது நிற்கவில்லை. நோட்டில் ‘சுவை’ என்றொரு கட்டம் சேர்ந்தது. இரு தலைவர்களும் நாவில் வைத்துப் பார்த்த பிறகே நான் எழுதுவேன். வேடிக்கை என்னவென்றால், மறுநாள் கடைத்தெருவில் எந்த அணி வென்றது என்று கேட்டவர்கள் குறைந்து, தண்ணீர் எவ்வளவு கீழே இருந்தது, என்ன ருசி என்று கேட்டவர்கள் மிகுந்தார்கள். வீட்டுக்குக் கிணறு வெட்டும் எண்ணத்தில் இருந்த ஒருவர் ஆட்டத்துக்கே வந்து, டாஸ் முடிந்ததும் எழுந்து போய்விட்டார்.

பிறகு நான் வேலூருக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். நிரம்பிய நோட்டு என்னோடு வந்தது. அதன் கடைசிப் பக்கத்திலும் பஷீர் பாயின் உருதுக் கையெழுத்து இருக்கிறது. கோடு கிழித்ததைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

இந்தப் பொங்கலுக்கு வருவோம். காசு சுண்டிய இளைஞரிடம், ஏன் தோண்டவில்லை என்று கேட்டேன்.

“போன வருசம் தோள் வரைக்கும் தோண்டியும் வரல சார். ஒரே பேஜார். டாஸ் போடவே மத்தியானம் ஆயிடுச்சு.”

இது அவர் சொன்னது. நான் பார்க்கவில்லை.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததை எழுதிவிட்டேன். தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை முதலாளி அந்தப் பக்கத்தைப் படித்தாரா, தெரியாது. என் கண்முன் அவர் நோட்டைப் புரட்டினார், எந்தப் பக்கத்தில் நின்றார் என்று நான் கவனிக்கவில்லை. பஷீர் பாயின் மகனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் கோடு கிழிபட்ட அந்தச் சொல்தானா, தெரியாது. அந்த மணலுக்கு அடியில் இன்று எத்தனை ஆழத்தில் நீர் இருக்கிறது, அதன் சுவை என்ன – அதுவும் தெரியாது. இந்த ஆண்டு எவரும் தோண்டவில்லை. கை இரண்டும் இருந்தும், நானும் தோண்டவில்லை.