கழுகு வரும் முகடு

மலைக்கும் புல்வெளிக்கும் நடுவே, அமெரிக்காவின் மான்டானா மாநிலத்துப் பண்ணை வீடுகளுக்கு எரிவாயு லாரி ஓட்டுபவள் வெர்னா. ஐம்பதைத் தாண்டியும் பறவை என்றால் போதும், பிரேக்கில் கால் போய்விடும். வளைக்குள் குடியிருக்கும் ஆந்தை எந்த மேட்டில், பனி வாத்துக்கூட்டம் எந்த ஏரியில் இறங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிடிபடாதது ஒன்றுதான். மார்ச்சில் வடக்கே போகும் பொன்கழுகுகள் எங்கே தாழப் பறக்கின்றன?

மேற்குக் காற்று நேராக வந்து மோதும் மொட்டை முகட்டில்தான் என்று அவள் மனம் அடித்துச் சொன்னது. ஆனால் அது ஆட்டுப்பண்ணைக்காரர் எம்மெட்டின் வேலிக்குள் இருந்தது.

ஒரு மார்ச் நாள் அவர் வீட்டு எரிவாயுத் தொட்டியை நிரப்பிவிட்டு, முகட்டில் ஏற விடுவீர்களா என்று மெல்லக் கேட்டாள்.

"என் குட்டிய தூக்கிட்டுப் போற சனியனப் பாக்க நானே கதவத் தொறந்து விடணுமா? நல்லா இருக்கும்மா நியாயம்!"

"தொறக்க வேணாம், கூட வாங்க. ஒண்ணும் வரலேன்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிங்க."

அந்த ஆசையில்தான் வந்தார். முகட்டில் காற்று தொப்பியைப் பறித்தது. வெகுநேரம் வானம் வெறுமையாகவே கிடந்தது.

"காக்காகூட இல்லியே! போலாமா?" என்று எம்மெட் எழுந்தார்.

"உக்காருங்க! அசையாதீங்க!"

தெற்கே ஒரு புள்ளி. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு வரிசையாக, இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல், காற்றின் மேல் சறுக்கிக்கொண்டு வந்தன. ஒன்று அவர்கள் காலுக்குக் கீழே, பள்ளத்தை ஒட்டிப் போனது. வெயிலில் அதன் பிடரி தகதகத்தது. தான் கத்துவதுகூட வெர்னாவுக்குத் தெரியவில்லை.

"அடியாத்தி! முதுகப் பாத்தியா? முதுகப் பாத்தியா?" எம்மெட் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைப் பிடுங்கிக்கொண்டவர் திருப்பித் தரவே இல்லை.

"குட்டி தூக்குற திருடனுங்கன்னீங்க?"

"திருடனுங்கதான். அதுக்காக அழகா இல்லேன்னு சொல்ல முடியுமா? வாய மூடு, அடுத்தது வருது!"

மறு வருஷம் மார்ச்சில் வேலிக் கதவு திறந்தே கிடந்தது. கழுகு பார்க்க வந்தவர்களை எம்மெட்டே அதட்டி உட்கார வைத்தார். வெர்னாவோ ஆற்றுக்கு அப்பால் இன்னொரு மேட்டைப் பார்த்து வைத்துவிட்டாள். அங்கே புல்வெளிக் காட்டுக்கோழிகள் ஜோடி தேடி விடியலில் ஆடுவதாக யாரோ சொல்லியிருந்தார்கள். லாரி ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.