கருப்பு எலியின் வலி நரம்பு

டொக்.

கரண்ட் போன பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. நம்பாதவர்கள் ஆராய்ச்சி மாணவி ரஃபியாவின் இடது காலைக் கிள்ளிப் பார்க்கலாம். 2008 அக்டோபர், கம்பம் ஊரில் ஒரு கல்லூரியின் மாடி லேபில், பட்டப்பகலில் நடந்தது இது.

அவள் ஆராய்ச்சி எலியின் உணர்வு நரம்புகளைப் பற்றியது. முதுகெலும்பு ஓரத்திலிருந்து நரம்பு செல்களை எடுத்துத் தட்டில் வைப்பாள். மயிரைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் தொடுவாள். செல்லில் மின்துடிப்பு எழும்போதெல்லாம் ஸ்பீக்கர் ‘டொக்’ என்னும். வெள்ளை எலியின் வலி செல்லும் கருப்பு எலியின் வலி செல்லும் ஒரே மாதிரி துடிக்கின்றனவா? வெள்ளை முடிந்துவிட்டது. கருப்பில் இன்னும் ஓர் எலி வேண்டும். திங்கட்கிழமைக்குள் முடிக்காவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

அன்று காலை கடைசிக் கூண்டில் ஒரு கருப்பு எலி உட்கார்ந்திருந்தது. மதுரையிலிருந்து வர வேண்டியது நேற்றே வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு வழக்கமான பவர் கட் வந்துவிடும். அவசரம். மயக்க மருந்து கொடுத்ததும் எலியின் கால் விரலைக் கிள்ள வேண்டும். காலை இழுத்தால் மயக்கம் போதவில்லை என்று அர்த்தம்.

ரஃபியா கிள்ளவில்லை.

1.52. செல் கிடைத்தது. ஸ்கிரீனில் துடிப்பின் அலை இறங்கும் இடத்தில் சின்ன மேடு. வலி செல்லின் அடையாளம்.

2.00. ஸ்கிரீன் இருண்டது.

2.03. டொக்.

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள்.

டொக்... டொக்...

பின்வாங்கியதில் இடது கால் ஸ்டூலில் மோதியது. வலிக்கவில்லை. ஸ்பீக்கர்தான் படபடவென்று பொரிந்தது.

தன் இடது கால் விரலைக் கிள்ளினாள். பொரிந்தது.

விட்டாள். அடங்கியது.

நகம் பதிந்து ரத்தம் வந்தது.

காலில் ஒன்றுமில்லை.

சத்தம் மட்டும்...

பயம்கூட வரவில்லை அவளுக்கு. தட்டை எடுத்துக் கழுவி ஊற்றினாள். சத்தம் நின்றது. கால் மரத்தது மரத்ததுதான்.

4.30. எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பங்கிராஸ், கயிறு கட்டிய பெட்டியோடு மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

“மதுரை பஸ்ஸு ஆண்டிபட்டியில படுத்துக்கிருச்சும்மா. இப்பத்தான் கருப்பு வந்து சேருது.”

“காலையில ஒண்ணு இருந்துச்சேண்ணே. அறுத்துட்டேன்.”

“கரண்டோட சேந்து உங்களுக்கும் ஆஃப் ஆகிப்போச்சாக்கும்” என்று சிரித்தபடி, அறுத்த எலிகளைப் போடும் கழிவுப் பையைத் திறந்தார்.

உள்ளே பஞ்சு மட்டும் இருந்தது.

“கருப்பு தீந்து ஒரு மாசமாச்சேம்மா... நீங்க எதை அறுத்தீக?”