சாமியை வலமாகச் சுற்றிய கால்கள்: றக்வானையிலிருந்து இரத்தினபுரி மைதானத்துக்கு

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாகக் கோயில் பயணங்களைத்தான் எழுதுவேன். எந்த பஸ்ஸில் ஏறுவது, எவ்வளவு செலவாகும், எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று. இது மைதானத்துக்குப் போன பயணம். ஓடுகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாகாணப் போட்டிக்குப் போக இருக்கும் தேயிலைத் தோட்டத்துத் தாய்மார் யாராவது வாசித்தால், இதில் ஒரு விஷயமாவது உதவும்.

2008, ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. என் மகள் தர்ஷினிக்கு அப்போது பதினைந்து வயது. வலயப் போட்டியில் எண்ணூறு மீட்டரில் முதலாவதாக வந்து சப்ரகமுவ மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள். அங்கே முதல் இரண்டு இடத்துக்குள் வருகிறவர்கள் அகில இலங்கைப் போட்டிக்குப் போகலாம். எங்கள் வீட்டில் அதற்கு மேலும் ஒரு பேச்சு இருந்தது. அடுத்த வருஷம் அவளுக்கு ஓ.எல். பரீட்சை. ஃபெக்டரியில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர், "ரெண்டுக்குள்ள வந்தா ஓடட்டும். வரலன்னா எல்லாத்தையும் விட்டுட்டுப் படிக்கட்டும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். நானும் அதையே மாரியம்மன் முன்னால் சொன்னேன். இரண்டுக்குள் வந்தால் உன் சம்மதம், வராவிட்டால் போதும் என்கிறாய், தாயே.

எங்கள் தோட்டத்தில் சமதரை என்றால் கோயில் வளவு மட்டும்தான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அதனால் தர்ஷினி விடிய எழும்பிக் கோயிலைச் சுற்றித்தான் ஓடிப் பழகினாள். முதல் நாள் அவள் இடப்பக்கமாகச் சுற்றப் போனபோது, "ஏய், சாமிய இடமா சுத்துறியே, புத்தி இருக்கா? வலமா ஓடு!" என்று ஏசினேன். அன்றிலிருந்து ஒரு வருஷம், அம்மன் எப்போதும் அவளுடைய வலக்கைப் பக்கம். நான் படிக்கட்டில் உட்கார்ந்து கந்தசஷ்டி சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓட்டமும் புண்ணியமும் ஒன்றாகச் சேருகிறது என்று எனக்கு மனம் நிறைந்திருந்தது.

காலை நாலரைக்கு எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வீட்டு வரிசைக்கு, நவாஸ் நானாவின் த்ரீவீல் வந்தது. றக்வானை டவுனுக்கு ஒன்பது கிலோமீட்டர், முந்நூறு ரூபாய். நானா சும்மா இருக்க மாட்டார்.

"இந்தப் புள்ள ஓடினா என்ன விட சுருக்கா டவுனுக்குப் போயிருமே. எனக்கு எதுக்கு சல்லி?"

"அப்ப வாங்காதீங்க நானா" என்றாள் தர்ஷினி.

"ஜெயிச்சிட்டு வா, திரும்பி வர்ற டிரிப் சும்மா."

ஐந்தேகாலுக்கு இரத்தினபுரி பஸ். ஆளுக்கு அறுபத்திரண்டு ரூபாய். கொடகவெல வரைக்கும் வளைவு வளைவாக இறங்கும். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், நிறைய சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள். நாங்கள் ஆளுக்கு அரை ரொட்டியும் பிளேன்டீயும் எடுத்தோம். தர்ஷினி வாந்தி வராமலிருக்க ஒரு தேசிக்காயை மூக்கருகில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். எட்டரைக்குள் மைதானத்தில் பெயர் பதிய வேண்டும். பெல்மடுல்லை வரைக்கும் எனக்குப் பயம் இல்லை.

இரத்தினபுரிக்குக் கொஞ்சம் முன்னால் செக்பொயின்ட்டில் எல்லோரையும் இறக்கினார்கள். யுத்த காலம், அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மற்றவர்களின் அடையாள அட்டையைப் பார்த்து ஏற்றிவிட்டு, தமிழ்ப் பெயர் என்பதால் எங்கள் இரண்டு பேரையும் தனியே நிறுத்திவிட்டார்கள். தர்ஷினியின் பையிலிருந்து ஒரு சிப்பாய் வெள்ளைப் பொட்டலத்தை எடுத்து விரித்தான். முகர்ந்து பார்த்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான். கோயிலில் தந்த திருநீறு என்று சிங்களத்தில் சொன்னேன். நம்பவில்லை. பஸ் கண்டக்டர் பலகையைத் தட்ட ஆரம்பித்தான். வேறு வழி தெரியாமல் நானே பொட்டலத்தில் விரலை விட்டு என் நெற்றியிலும் மகள் நெற்றியிலும் பட்டையாகப் பூசி, மிச்சத்தை வாயில் போட்டேன். சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. பைக்குள் இருந்த காற்சட்டையையும் இலக்கத் துணியையும் அப்போதுதான் பார்த்தான். ஓடப் போகிறாயா என்று அவளிடம் கேட்டான். வென்றுவிட்டு இதே வழியால் வா என்றான். பஸ் புறப்பட்டது. மகள் என் முழங்காலில் கையை வைத்து, "அம்மா, நீங்க துன்னூற சாப்பிட்டீங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

எட்டு இருபதுக்குப் பெயர் பதிந்தோம். எங்கள் பாடசாலையின் ஸ்போர்ட்ஸ் சார் அங்கேயே இருந்தார். பெற்றோரைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள். புல் மைதானம், சுண்ணாம்புக் கோடு, இரவு பெய்த மழையின் ஈரம். பல பிள்ளைகளுக்கு முள் வைத்த சப்பாத்து இருந்தது. என் மகள் வெறுங்கால்.

பத்து மணிக்குத் தகுதிகாண் ஓட்டம். நேர்க்கோட்டில் அவளைப் பிடிக்க யாராலும் முடியவில்லை. என் பிள்ளையா இது என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ஆனால் வளைவு வந்தால் ஏதோ ஒரு கை அவளை வெளியே தள்ளுவதுபோல் இருந்தது. உட்கோட்டை விட்டு விலகி விலகி ஓடினாள். இரண்டு சுற்றிலும் அப்படித்தான். நாலாவதாக வந்து, மயிரிழையில் இறுதிப் போட்டிக்குத் தெரிவானாள்.

என் பக்கத்தில் கலவானையிலிருந்து வந்த ஒரு சிங்களத் தாய் நின்றார். அவருடைய மகளும் ஓடுகிறாள்.

"நங்கி, ஏ ஒயாகே துவத?" என்று கேட்டார். உங்கள் மகளா என்று. ஆமாம் என்றேன். கால் நல்ல கால், ஆனால் வளைவில் ஏன் வெளியே போகிறாள், எப்படிப் பழகுகிறாள் என்று கேட்டார். நான் விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினேன், கோயிலைச் சுற்றுவதுபோல. அவர் என் விரலைப் பிடித்து நிறுத்தினார். பிறகு மைதானத்தில் அடுத்த பிள்ளைகள் ஓடுவதைக் காட்டி, என் விரலை மறுபக்கமாகச் சுற்றிவிட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். காலையிலிருந்து எத்தனை ஓட்டம் பார்த்திருக்கிறேன், என் கண்ணில் படவில்லை. அவர்கள் எல்லோரும் இடப்பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள். என் மகளின் கால் ஒரு வருஷமாக வலப்பக்கம் சாய்ந்து திரும்பப் பழகிய கால். கோயில் வளவில் புண்ணியம் என்று நான் கட்டாயப்படுத்தியது இங்கே அவளை ஒவ்வொரு வளைவிலும் வெளியே இழுக்கிறது.

மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"ஏன் புள்ள சொல்லல?"

"சார் வலயப் போட்டியிலேயே சொன்னாருமா. மத்தப் பக்கம் பழகணும்னு."

"அப்ப ஏன் பழகல?"

"எங்க பழகுறது? கோயில்லதான் எடம் இருக்கு. அங்க இடமா சுத்தினா நீங்க அழுவீங்க."

என் நெற்றியில் மிச்சமிருந்த திருநீற்றைத் தொட்டு அவள் காலில் தடவினேன். "வளைவுல உள்ளுக்கே இரு. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றேன்.

இரண்டரைக்கு இறுதிப் போட்டி, தூறலில். எட்டுப் பேர். முதல் சுற்று முடியும்போது மூன்றாவதாக இருந்தாள். அடுத்த வளைவில் மறுபடியும் கால் வழுக்கி விலகியது. இரண்டு பேர் உள்ளே புகுந்து முந்தினார்கள். ஐந்தாவது. கோயிலில்கூடச் சத்தமாகப் பாட வெட்கப்படுகிறவள் நான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உள்ளுக்கு வா புள்ள! உள்ளுக்கு!" என்று கத்தினேன். கலவானைத் தாய் தன் மகளை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்து, "எதுலட! எதுலட!" என்று அதையே சிங்களத்தில் கத்தினார். கடைசி வளைவில் தர்ஷினி இடத் தோளைச் சரித்து, விழுந்துவிடுவாள்போலக் கோட்டை ஒட்டிக்கொண்டு திரும்பினாள். நேர்க்கோட்டில் ஒருத்தியை முந்தினாள். இன்னொருத்தியை முந்தினாள். இரண்டாவதாக ஓடிய பிள்ளையின் தோளுக்கு அருகில் வந்தபோது கோடு வந்துவிட்டது.

மூன்றாம் இடம்.

இரண்டாவதாக வந்தது கலவானைத் தாயின் மகள். அவர் என் கையை விடாமலே அழுதார், நானும் அழுதேன். யார் எதற்கு அழுதோம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தர்ஷினி அழவில்லை. காலைக் கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, "அப்ப முடிஞ்சிதாம்மா?" என்று மட்டும் கேட்டாள். நாலு மணி பஸ்ஸில் பெல்மடுல்லை போய், அங்கிருந்து மாறி றக்வானைக்கு வந்தோம். டவுனில் நின்ற நவாஸ் நானா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். வீட்டு வாசலில் காசை நீட்டினேன், வாங்கவில்லை. "மூணும் ஜெயிச்சதுதான்" என்றார்.

வீட்டுக்காரர் சான்றிதழை வாங்கி விளக்கடியில் வைத்தார். "சரி, சாமி சொல்லிருச்சி" என்றார்.

"சாமி ஒண்ணும் சொல்லலைங்க. திசைய மாத்திச் சொன்னது நான்" என்றேன். வேறு வாக்குவாதம் இல்லை. அவர் சான்றிதழை எடுத்து இன்னொரு தடவை வாசித்துவிட்டுச் சாப்பிடப் போனார். ஓட்டத்தை விடு என்று அதற்குப் பிறகு அவர் சொன்னதில்லை.

போகிறவர்களுக்கு: முதல் நாளே இரத்தினபுரியில் தெரிந்தவர் வீட்டில் தங்க முடிந்தால் தங்குங்கள். நாங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போனதால், த்ரீவீல், பஸ், ஒரு சோடா எல்லாம் சேர்த்து அன்றைய விலையில் அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. கால் துடைக்க இரண்டு பழந்துணி கொண்டுபோங்கள், புல் ஈரமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளை எந்தப் பக்கமாகச் சுற்றிப் பழகுகிறது என்று பாருங்கள். இடக்கை உட்பக்கம் இருக்க வேண்டும்.

மறுநாள் விடிய விளக்கேற்றிவிட்டு, அம்மனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். பிறகு தர்ஷினியை இடப்பக்கமாக ஓடச் சொன்னேன். அவள் நம்பாமல் என்னையே பார்த்தாள். "நீ ஓடு. உனக்கும் சேத்து நான் வலமா சுத்துறேன்" என்றேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படித்தான். அவள் அந்தப் பக்கம் ஓடுகிறாள், நான் இந்தப் பக்கம் நடக்கிறேன். ஒரு வருஷம் படிக்கட்டிலிருந்து என் பிள்ளையின் முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இப்போது நான் ஒரு தடவை சுற்றி முடிப்பதற்குள் அவள் முகம் என் எதிரே மூன்று நான்கு தடவை வந்துவிடுகிறது.