கோலுக்கு முன்னால் நின்ற முதுகு

இன்று தேனிப் பேருந்தில் சின்னமனூர் வந்ததும் இறங்க எழுந்தேன். முன்படியை அடைத்துக்கொண்டு ஒரு பெரியவர் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபதுகளில், மேகமலை எஸ்டேட் அணியோடு நாங்கள் ஆடிய கால்பந்து இறுதியாட்டத்தின் நடுவர்!

எங்கள் மைதானத்தில் ஒரு பக்கக் கோலுக்கு முன்னால் மட்டும் புளியமர நிழல் விழும். மனிதர் வெயிலுக்குப் பயந்து அந்த நிழலை விட்டு நகரவே இல்லை. கோல்கீப்பர் விழுந்து கிடக்க, காலிக் கோலைப் பார்த்து நான் அடித்த பந்து அவர் முதுகில் பட்டு வெளியே போனது. ஒரு கோலில் தோற்றோம்.

"ஐயா, அன்னைக்கு உங்க முதுகுல பட்ட பந்து நான் அடிச்சது" என்றேன்.

"நீதானா? பாத்து அடிக்க வேணாமாப்பா? அன்னைக்கே எல்லாரும் ஒன்னையத்தான் திட்டுனாக."

"நீங்க ஏன் கோலுக்கு முன்னாடி நின்னீக?"

"பக்கத்துல நின்னாத்தானப்பா கோல் விழுந்துச்சா இல்லையான்னு தெரியும்!"

"அதான் விழவே விடலையே!"

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். வண்டி கிளம்பிவிட்டது. "எறங்குறவுக முன்னாடியே வர வேணாமா?" என்று அவரும் என்னைத்தான் திட்டினார். பெரியவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தேன்.

அன்று மைதானத்தில் இருந்தவர்கள் யாராவது சாட்சி சொல்லுங்கள். அந்த வண்டியில் இன்னும் வந்துகொண்டிருப்பவர்கள் தயவுசெய்து பின்படியில் இறங்குங்கள்.