துடிப்பு இறங்கினால்தான் சுவாமி தூக்கலாம்

போன வருஷம் பங்குனித் திருவிழாவில் சுவாமி தூக்கிக்கொண்டு வந்தபோது, பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. தோளில் தாங்கிய தண்டை விட்டு விலகி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மீசை முளைத்த நாளிலிருந்து சுவாமியைச் சுமந்து சீர்பாதம் தாங்குகிறவன் ஊர் பார்க்க உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? இதயத்தில் கோளாறு ஒன்றும் இல்லை, தெம்புதான் குறைவு என்றார் டாக்டர். என் மனைவிக்கு அது போதவில்லை. உடம்பைத் தேற்றிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இனி தண்டைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அதனால் ஜிம்முக்குப் போனேன். அங்கே பயிற்சி கொடுக்கிறவர் என் கையில் துடிப்பு காட்டும் வாட்சைக் கட்டினார். மணல் மூட்டையைத் தோளில் வைத்து நடந்துவிட்டு நின்றதும், ஒரு நிமிஷத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நன்றாக இறங்கினால் எடையைக் கூட்டலாம். இறங்க அடம்பிடித்தால் அன்றைக்கு லேசாக முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். இவ்வளவுதான் வித்தை.

சில நாள் மடமடவென்று இறங்கும், பல நாள் அசையவே அசையாது. எனக்குக் கோபம் வந்தால் தலைகால் புரியாது. வாட்சே டூப்ளிகேட் என்று கத்தினேன். காலையிலிருந்து உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவனுக்கு என்ன களைப்பு என்று மனைவியிடம் நியாயம் கேட்டேன்.

"பகல் பூரா தறி மிதிச்சிக்கினு இருந்தீங்களே, அது வேலை இல்லியா?" என்றாள்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளிகள் நாங்கள் தறியில் இருப்பதை உட்கார்ந்திருப்பது என்றுதான் சொல்வோம். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. தறி ஓடுகிற நாட்களில்தான் துடிப்பு இறங்கவில்லை. நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பாவு நூலுக்குக் காத்திருக்கிற நாட்களில் ஜோராக இறங்கியது. அந்த நாட்களுக்கு மட்டும் மூட்டையை வைத்துக்கொண்டேன். பங்குனிக்குள் உடம்பு தேறியது. மனைவியும் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தாள். ஆனால் சுவாமியை நிறுத்துகிற இடத்திலெல்லாம் துடிப்பைப் பார்க்க வேண்டும், இறங்காவிட்டால் மாற்று ஆளை விட வேண்டும் என்றாள்.

இந்த வருஷம் தூக்கினேன். அவ்வளவு சந்தோஷம், கனமே தெரியவில்லை. ஆனால் எங்கள் தெரு முனையில் நிறுத்தியபோது துடிப்பு இறங்கவில்லை. முன்பெல்லாம் வீம்புக்குத் தூக்கியிருப்பேன். இப்போது மாற்று ஆளுக்கு இடம் விட்டுவிட்டு, முன்னால் நடந்து, வாசலில் தேங்காய்த் தட்டோடு நின்ற மனைவியின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பாமல் என் மணிக்கட்டைப் பிடித்து வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் சுவாமி எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"இறங்கிடுச்சுங்க. போங்க."

நான் நகரவில்லை. தூக்குகிறவனுக்கு ஒன்று ரோடு தெரியும், இல்லை சுவாமியின் முதுகு தெரியும்.

"இரும்மா," என்றேன். "இத்தினி வருஷத்துல இன்னிக்குதான் வீதியில சாமி முகத்த பாக்கறேன்."

அவள் தட்டை என் கையில் கொடுத்தாள்.